வலமிருந்து இடம் செல்லும் எழுத்தும் யேர்மனியில் வளரும் தமிழ் இளையோரும்

(யேர்மனியில் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையின் பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். தமிழ் இடமிருந்து வலமாக எழுதப்படும் மொழி. யேர்மன் மொழியும் அவ்வாறே. இவ்விரு மொழிகளுக்கிடையே வாழும் ஒரு சமூகம், அரபும் எபிரேயமும் பாரசீகமும் கணனித் திரையில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது பற்றி ஏன் சிந்திக்க வேண்டும் என்ற வினா எழுவது இயல்பே. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, யேர்மனியில் தமிழரின் அயலில் வாழ்வோர் பலரின் எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. இரண்டாவது, இந்த நாட்டில் மென்பொருள் எழுதும் தொழிலுக்குச் செல்லும் ஒவ்வொரு தமிழ் இளைஞரும் இளம்பெண்ணும் இச்சிக்கலை என்றேனும் ஒருநாள் சந்திப்பர். மூன்றாவது காரணம் பலர் அறியாதது: தமிழ்மொழியே பல நூற்றாண்டுகள் வலமிருந்து இடமாகவும் எழுதப்பட்டு வந்திருக்கிறது.

யேர்மனியில் எழுந்த தேவை

1980களில் ஈழத்தமிழர் யேர்மனிக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட படிவங்களில் ஒரு வரியேனும் தமிழில் இருந்தால் அது பெரும் பேறாக இருந்தது. உறவினரோ நண்பரோ மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுக் கையொப்பமிட்டோர் பலர். அக்காலக் கணனிகள் தமிழைக் காட்டும் நிலையிலும் இருக்கவில்லை. பின்னர் எழுத்துருக்கள் வந்தன. ஆயினும் ஒரு கணனியில் எழுதிய தமிழ் மற்றொரு கணனியில் வெறும் கட்டங்களாகவும் பொருளற்ற குறிகளாகவும் தோன்றியதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தன் மொழி தன் கண்முன்னே சிதைந்து கிடப்பதைப் பார்க்கும் வேதனை தமிழருக்குப் புதிதன்று.

2015ஆம் ஆண்டில் ஏறத்தாழ 890,000 பேர் தஞ்சம் நாடி யேர்மனிக்குள் வந்தனர். சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் அவர்களுள் பெருந்தொகையினர். அரபு, டாரி, பஷ்தோ, சொரானிக் குர்தியம் என அவர்களின் மொழிகள் வேறு வேறாயினும் எழுத்தின் திசை ஒன்றே. இவர்களுக்கு முன்பே குடியேறி, கூற்றர்ஸ்லோ நகரை அண்டி வாழும் அரமேயக் கிறித்தவர்களின் சிரியாக் எழுத்தும் வலமிருந்தே தொடங்குகிறது.

இவர்களுக்காக 2016 சனவரியில் குடிவரவுக்கும் அகதிகளுக்குமான யேர்மன் கூட்டாட்சிப் பணியகம், கோதே நிறுவனம், கூட்டாட்சித் தொழில் முகவரகம், பவேரிய வானொலி ஆகியன இணைந்து 'அன்கொம்மன்' என்னும் கைத்தொலைபேசிச் செயலியை வெளியிட்டன. யேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, பாரசீகம் ஆகிய ஐந்து மொழிகளில் அது அமைந்தது. அதற்கு முன்னரே, 2015இல், அவுக்ஸ்பூர்க் நகரில் 'டியூர் அன் டியூர்' என்னும் தொண்டமைப்பும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களும் கைகோர்த்து 'இன்ரெகிரேற்' என்னும் செயலியை உருவாக்கத் தொடங்கினர். மருத்துவர் எங்கே, மொழி வகுப்பு எங்கே, எந்தப் பணிமனையில் எதைக் கேட்பது என்பன போன்ற தகவல்களை ஊர் வாரியாகப் பல மொழிகளில் தருவது அதன் நோக்கம். இன்று யேர்மனியின் பல நகரங்களும் மாவட்டங்களும் அதனைப் பயன்படுத்துகின்றன. அதன் மூலநிரல் எவரும் பார்க்கத்தக்க வகையில் திறந்து வைக்கப்பட்டுள்ளது.

இத்தகைய செயலிகளை உருவாக்குவோர் முதலில் எண்ணுவது மொழிபெயர்ப்பைப் பற்றியே. நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பர். ஆனால் மொழிபெயர்ப்பு முற்றிலும் சரியாக இருந்தும், திரையில் தோன்றும் தகவல் பிழையாக அமைய முடியும். அது எப்படி என்பதை எளிய எடுத்துக்காட்டுகளால் காணலாம்.

நினைவகத்தின் வரிசையும் கண்ணின் வரிசையும்

யூனிகோட் எனப்படும் ஒருங்குறி முறையில், எழுத்துகள் வாசிக்கப்படும் வரிசையிலேயே கணனியின் நினைவகத்தில் சேமிக்கப்படுகின்றன. அரபுச் சொல்லின் முதல் எழுத்து நினைவகத்திலும் முதலாவதாகவே இருக்கும். அதனைத் திரையின் வலப்புறத்தில் வைப்பது காட்சிப்படுத்தும் மென்பொருளின் கடமை. ஒரே வரியில் அரபும் யேர்மனும் எண்களும் கலந்து வரும்போது எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதற்கென ஒருங்குறித் தரத்தில் ஒரு விதித்தொகுப்பு உண்டு. அதனை இருதிசை வழிமுறை என்று சொல்லலாம்.

அவ்விதித்தொகுப்பு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு திசைப் பண்பை வழங்குகிறது. தமிழ், இலத்தீன் எழுத்துகள் வலப்புறம் நோக்கிச் செல்லும் வலுவான திசை கொண்டவை. அரபும் எபிரேயமும் இடப்புறம் நோக்கிச் செல்லும் வலுவான திசை கொண்டவை. எண்கள் வலுக்குறைந்தவை. ஓர் எண்ணின் இலக்கங்கள் எப்போதும் இடமிருந்து வலமாகவே அமையும். ஆனால் அந்த எண் முழுவதும் வரியில் எங்கே நிற்கும் என்பது அயலில் உள்ள எழுத்துகளைப் பொறுத்தது. இடைவெளி, அடைப்புக்குறி, வினாக்குறி போன்றவை நடுநிலையானவை. அவை இருபுறமும் உள்ளோரைப் பார்த்துத் தம் பக்கத்தைத் தீர்மானிக்கும்.

தமிழில் ஒரு சுவையான செய்தி இங்கே உண்டு. தமிழ் மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளிக்குத் தனித் திசை கிடையாது. அது எந்த எழுத்தின்மேல் நிற்கிறதோ அந்த எழுத்தின் திசையையே தன் திசையாகக் கொள்ளும் என்று இவ்விதித்தொகுப்பு வகுத்திருக்கிறது.

இடம் மாறும் முகவரி

ஓர் அரபுச் செயலியில் அவுக்ஸ்பூர்க்கில் உள்ள பணிமனை ஒன்றின் முகவரி வருவதாகக் கொள்க. முதல் வரியில் தெருப் பெயரும் அதன்பின் வீட்டு எண் 12உம் உள்ளன. தெருப் பெயர் இலத்தீன் எழுத்தில் இருப்பதால் அதற்கு வலுவான திசை உண்டு. அதனைத் தொடரும் எண் அத்திசையையே பின்பற்றும். ஆகவே தெருவும் எண்ணும் உரிய ஒழுங்கிலேயே தோன்றும்.

அடுத்த வரியில் '86150 அவுக்ஸ்பூர்க்' என அஞ்சற் குறியீடும் நகரின் பெயரும் உள்ளன. இங்கே எண் முதலில் வருகிறது. அதற்கு முன் வலுவான எழுத்து எதுவும் இல்லை. பத்தியோ வலமிருந்து தொடங்குகிறது. ஆகவே எண் வலப்புறத்தில் நின்றுவிடும். நகரின் பெயர் அதன் இடப்புறத்தில் வரும். யேர்மன் முறைப்படி இடமிருந்து பார்ப்பவருக்கு அது 'அவுக்ஸ்பூர்க் 86150' என்று தெரியும். ஒரே முகவரியின் ஒரு வரி சரியாகவும் மறு வரி தலைகீழாகவும் அமைவதைக் கண்ட மென்பொருளாளர், இதனை இன்னதென்று விளங்காத கணனிப் பிழை என்று எண்ணிவிடுவார். உண்மையில் விதி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்த வரி யேர்மன் முகவரி என்பதை விதிக்கு எவரும் சொல்லவில்லை என்பதே குறை.

தொலைபேசி இலக்கமும் அவ்வாறே. '+49 821 0000' என்று சேமித்த இலக்கம், வலமிருந்து செல்லும் பத்தியில் '0000 821 49+' என்று தோன்றும். ஒவ்வொரு தொகுதியும் தன்னளவில் சரி. தொகுதிகளின் வரிசையே மாறிவிடுகிறது. அதனைப் பார்த்துத் தாளில் எழுதி, பணிமனையில் கொடுக்கும் ஒருவரின் தொலைபேசி ஒருபோதும் ஒலிக்காது. நேர்காணலுக்கு அழைக்கும் அழைப்பும் அவரைச் சென்றடையாது. இதற்கு மாறாக, யேர்மன் வங்கிக் கணக்கின் பன்னாட்டு இலக்கம் இரண்டு இலத்தீன் எழுத்துகளோடு தொடங்குவதால் அது குலையாமல் நிற்கும். ஒன்று குலைவதும் மற்றொன்று நிலைப்பதும் தற்செயல் அன்று. முதலில் நிற்பது எழுத்தா எண்ணா என்பதே வேறுபாடு.

இவற்றினும் கவலைக்குரியது மருந்தின் அளவு. யேர்மன் மருத்துவர்கள் மருந்து உட்கொள்ளும் முறையை '1-0-0' என்று சுருக்கமாக எழுதுவது வழக்கம். காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, மாலையில் இல்லை என்பது அதன் பொருள். அரபு எழுத்துகளைத் தொடர்ந்து இந்தக் குறியீடு வந்தால் இருதிசை விதிகளின்படி அது திரையில் '0-0-1' என்று அமையும். வலமிருந்து வாசிப்பவர் அதனைச் சரியாகவே புரிந்துகொள்ளக்கூடும். ஆனால் மருந்துப் பெட்டியின்மேல் யேர்மன் மொழியில் எழுதப்பட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரோ, அருகிலிருந்து உதவும் தாதியோ அதனை மாலையில் ஒன்று என்று வாசிப்பார். எபிரேய எழுத்துகளைத் தொடர்ந்து வந்தால் இதே குறியீடு மாறாது. அரபுக்கும் எபிரேயத்திற்கும் எண்களைக் கையாளும் விதிகளில் உள்ள சிறு வேறுபாடே காரணம். ஆகவே எபிரேயத்தில் சோதித்துவிட்டு அரபிலும் சரியாக இருக்கும் என்று நம்புவது பிழை.

இதே போன்று '45-17-93' என்ற வகையில் அமையும் கோப்பு இலக்கமும் அரபு வரியில் '93-17-45' ஆகிவிடும். கோப்பு இலக்கம் பிழைத்தால் விண்ணப்பம் பிழைக்கும். விண்ணப்பம் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் மாதங்கள் வீணாகும். இந்த நாட்டின் பணிமனைகளில் காத்திருந்து பழகிய தமிழ்ப் பெற்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தீர்வு எங்கே உள்ளது

இச்சிக்கலைக் கண்டவுடன் சிலர் எழுத்துகளைக் கையாலேயே தலைகீழாக அடுக்கிச் சேமித்துவிடுகின்றனர். திரையில் அப்போதைக்கு அது சரியாகத் தெரியும். பின்னர் தேடினால் கிடைக்காது. படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குலையும். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதனைப் பிதற்றலாக ஒலிக்கும். நினைவகத்தின் வரிசையை ஒருபோதும் மாற்றலாகாது என்பது முதல் விதி.

இரண்டாவது விதி, பிறமொழித் துண்டுகளைத் தனிப்படுத்துவது. ஒருங்குறியின் 6.3ஆம் பதிப்பு 2013இல் தனிப்படுத்தும் குறிகளை அறிமுகம் செய்தது. ஒரு துண்டின் முன்னும் பின்னும் இக்கண்ணுக்குத் தெரியாத குறிகளை இட்டால், அதன் உள்ளிருப்பது வெளியே உள்ளதைக் குலைக்காது. வெளியே உள்ளதும் உள்ளிருப்பதைக் குலைக்காது. இணையப் பக்கங்களில் இதே பணிக்கென 'பி.டி.ஐ' என்னும் குறிச்சொல் உண்டு. முகவரி, தொலைபேசி இலக்கம், பயனரின் பெயர், கோப்பு இலக்கம் ஆகியவற்றை வாக்கியத்தில் செருகும் ஒவ்வொரு இடத்திலும் இதனைப் பயன்படுத்த வேண்டும். முதலில் வரும் வலுவான எழுத்தைப் பார்த்துத் திசையைத் தானே ஊகிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதனை முழுமையாக நம்புதல் கூடாது. யேர்மன் நிறுவனம் ஒன்றின் பெயரோடு தொடங்கும் அரபு வாக்கியத்தை அது யேர்மன் வாக்கியம் என்றே கருதிவிடும். எண் மட்டுமே உள்ள தொலைபேசி இலக்கத்தில் ஊகிப்பதற்கு எழுத்தே இல்லை. அங்கே திசையை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவது விதி, குறியீட்டைத் தவிர்த்துத் தெளிவைத் தேடுவது. மருந்தின் அளவைக் கோடுகளால் பிரித்த எண்களாகக் காட்டாமல், காலை, நண்பகல், மாலை என்று தலைப்பிட்ட நிரல்களாகக் காட்டினால் திசை எதுவாயினும் பொருள் மாறாது. நிரல்கள் வலமிருந்து தொடங்கினாலும் ஒவ்வொரு எண்ணும் தன் தலைப்பின் கீழேயே நிற்கும்.

நான்காவது விதி, திரையின் அமைப்பைப் பற்றியது. எழுத்தின் திசை மாறும்போது பட்டியும் பொத்தான்களும் பின்செல்லும் அம்புக்குறியும் கண்ணாடியில் தோன்றும் உருவம் போல் இடம் மாற வேண்டும். இதற்காகவே இடது, வலது என்று எழுதாமல் தொடக்கம், முடிவு என்று எழுதும் முறை தோன்றியது. 2012இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 4.2 பதிப்பு இவ்வசதியைக் கைத்தொலைபேசிச் செயலிகளுக்கு வழங்கியது. 2015இல் ஐ.ஓ.எஸ் 9 தன் இடைமுகம் முழுவதையும் இவ்வாறு திருப்பிக் காட்டத் தொடங்கியது. ஆனால் எல்லாவற்றையும் திருப்புவதும் பிழையே. கடிகாரத்தின் முட்கள் அரபு நாட்டிலும் அதே திசையிலேயே சுற்றுகின்றன. இசையை ஒலிக்கச் செய்யும் பொத்தானின் முக்கோணமும் திருப்பப்படுவதில்லை. எது திசையைச் சுட்டுகிறது, எது பொருளைச் சுட்டுகிறது என்று பகுத்தறிவதே வடிவமைப்பாளரின் திறமை.

தமிழ் கற்ற பிள்ளைக்கு இது ஏன் விளங்கும்

வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குச் சென்ற பிள்ளை 'கெ' என்று எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பையும் பின்னர் ககரத்தையும் எழுதுகிறது. சொல்லும்போதோ மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கிறது. கையின் வரிசை வேறு, ஒலியின் வரிசை வேறு. ஒருங்குறி ஒலியின் வரிசையிலேயே இதனைச் சேமிக்கிறது. முதலில் ககரம், பின்னர் எகரக் குறி. திரையில் கொம்பை முன்னே கொண்டு வருவது மென்பொருளின் பணி. 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது.

முன்னாளில் புலம்பெயர் தமிழர் பெரிதும் பயன்படுத்திய திஸ்கி முறை இதற்கு மாறானது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முன்னும் மெய்யைப் பின்னும் அது சேமித்தது. காட்டுவதற்கு எளிது. ஆனால் அகர வரிசைப்படுத்தும்போது ககரத்தின் கீழ் வரவேண்டிய சொற்கள் கொம்பின் கீழ் சென்று குவிந்தன. எபிரேயரும் இதே வழியில் சென்று இதே துன்பத்தைப் பட்டனர். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் எபிரேயப் பக்கங்கள் பல கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தலைகீழாகச் சேமிக்கப்பட்டன. சாளரத்தைச் சிறிதாக்கி வரி உடைந்தால், வாக்கியத்தின் தொடக்கம் கீழ்வரிக்கும் முடிவு மேல்வரிக்கும் சென்றுவிடும். இரு மொழியினரும் இறுதியில் வாசிக்கும் வரிசையில் சேமிப்பதே நிலைத்த வழி என்ற முடிவுக்கு வந்தனர்.

தமிழ் கற்பதால் யேர்மனியில் என்ன பயன் என்று கேட்கும் இளையோர் உண்டு. தமிழ் கற்றதனாலேயே ஒருவர் சிறந்த மென்பொருளாளர் ஆகிவிட முடியாது. ஆனால் திரையில் முதலில் தெரிவது நினைவகத்திலும் முதலாவது என்று நம்பக்கூடாது என்பதை இலத்தீன் எழுத்தை மட்டும் அறிந்த மாணவர் பல்கலைக்கழகத்தில் கற்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளையோ அதனை ஒற்றைக் கொம்பிலேயே கற்றுவிடுகிறது.

யேர்மன் மண்ணின் பங்களிப்பு

இத்துறையின் வளர்ச்சியில் யேர்மனிக்கும் இடம் உண்டு. பத்தாவது பன்னாட்டு ஒருங்குறி மாநாடு 1997 மார்ச்சில் மைன்ஸ் நகரில் நடைபெற்றது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த எச்.ரி.எம்.எல் 4.0 தரம், பக்கத்தின் திசையைக் குறிப்பிடும் வழியை உலகெங்கும் பொதுவாக்கியது.

1996 ஒக்ரோபரில் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிஷ், கே.டி.ஈ என்னும் கட்டற்ற மேசைத்தளத் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் இணைய உலாவிக்கான இயந்திரத்தை 1999இல் லார்ஸ் க்னொல் ஏறத்தாழ முழுமையாக மீள எழுதினார். கே.டி.ஈ தன் அடித்தளமாகக் கொண்ட கியூட் நூலகத்தின் 3.0 பதிப்பு 2001இல் இருதிசை மொழிகளுக்கு ஆதரவளித்தது. அந்த உலாவி இயந்திரத்தை அடித்தளமாகக் கொண்டே அப்பிள் நிறுவனம் 2003இல் சபாரி உலாவியை அறிவித்தது. அதிலிருந்து கிளைத்த வழியிலேயே கூகிளின் குரோம் 2008இல் வந்தது. இன்று உலகின் பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் இயங்கும் உலாவிகளின் வேர், ஊதியம் கருதாத இளையோர் சிலரின் உழைப்பில் உள்ளது. அதே கே.டி.ஈ தன்னார்வலர்களால் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

தமிழ்க் கணனி ஆர்வலரும் யேர்மனிக்குப் புதியவர் அல்லர். உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2009 ஒக்ரோபரில் கொலோன் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது.

வலமிருந்து எழுதப்பட்ட தமிழ்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த முசுலிம் மக்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். அதனை அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் அழைப்பர். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மார்க்க அறிஞர் இமாமுல் அரூஸ் செய்யிது முகம்மது ஆலிம் போன்றோர் இவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். மொழி தமிழ், எழுத்து அரபு, திசை வலமிருந்து இடம்.

மென்பொருளாளருக்கு இது ஓர் அரிய பாடம். மொழியின் பெயரைக் கொண்டு திசையைத் தீர்மானிக்கும் நிரல்கள் பல உள்ளன. தமிழ் என்றால் இடமிருந்து வலம் என்று அவை முடிவு செய்துவிடும். அர்வி நூல் ஒன்றை அவ்வாறு காட்டினால் நிறுத்தற்குறிகளும் எண்களும் குலைந்துபோகும். குர்திய மொழியும் இவ்வாறே. குர்மாஞ்சி வழக்கு பெரும்பாலும் இலத்தீனிலும் சொரானி வழக்கு அரபு எழுத்திலும் எழுதப்படுகின்றன. திசை மொழிக்கு உரியதன்று, எழுத்துக்கு உரியது. எனவே மொழிக் குறியீட்டோடு எழுத்தின் குறியீட்டையும் சேர்த்துத் தரும் பன்னாட்டு வழக்கம் உண்டு. பழைய அர்வி நூல்களைக் கணனியில் ஏற்றும் பணி முழுமை பெற வேண்டுமாயின், தமிழும் இருதிசை உரையும் ஒருங்கே அறிந்தவர்கள் வேண்டும். அத்தகையோர் உலகில் மிகச் சிலரே.

பெற்றோர் அறிய வேண்டிய எச்சரிக்கை

திசையை மாற்றும் குறிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே ஏமாற்றுவோரும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். கோப்பின் பெயரில் இத்தகைய குறியொன்றைச் செருகினால், உண்மையில் கணனியை இயக்கும் நிரலாக முடியும் ஒரு கோப்பு, புகைப்படமோ கடிதமோ போன்ற பெயரோடு முடிவதாகக் கண்ணுக்குத் தோன்றும். மின்னஞ்சலில் வரும் இணைப்பின் பெயரை மட்டும் நம்பித் திறத்தல் கூடாது. கோப்பின் வகை என்னவென்று கணனி தனியே காட்டும் விவரத்தைப் பார்க்கப் பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் பவுச்சர், ரொஸ் அன்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் இதே உத்தியை மென்பொருளின் மூலநிரலிலும் பயன்படுத்த முடியும் என்று காட்டினர். நிரலை வாசிக்கும் மனிதருக்கு ஒன்றும், இயந்திரத்திற்கு மற்றொன்றும் தெரியுமாறு செய்வது அது. அதன்பின் பல நிரலெழுதும் கருவிகள் இக்குறிகளைக் கண்டால் எச்சரிக்கை காட்டத் தொடங்கின. இக்குறிகளை முற்றாகத் தடைசெய்வது தீர்வாகாது. அவை இல்லாமல் அரபையும் எபிரேயத்தையும் பிற எழுத்துகளோடு கலந்து சரியாக எழுத இயலாது. குறி எங்கே தேவை, எங்கே தேவையற்றது என்று அறிந்து கையாள்வதே வழி.

இளையோர் செய்யக்கூடியது

அரபு தெரியாமல் இவற்றை எவ்வாறு சோதிப்பது என்று இளையோர் கேட்கலாம். அன்ட்ரொய்ட் மென்பொருளாளருக்கென ஒரு போலி மொழி உள்ளது. ஆங்கிலச் சொற்களையே வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டும் அதனைத் தெரிவு செய்தால், எந்தப் பொத்தான் இடம் மாறவில்லை, எந்த இலக்கம் குலைந்தது என்பது ஒரு நாழிகையில் விளங்கிவிடும். ஆயினும் இறுதிச் சோதனை அம்மொழியில் வாழும் மனிதரின் கண்ணே. பள்ளியிலும் தொழிற்கல்வியிலும் அருகில் அமர்ந்திருக்கும் சிரிய நண்பரிடமோ ஆப்கானியத் தோழியிடமோ திரையைக் காட்டி, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்' என்று கேட்பது எந்தக் கருவியினும் மேலானது. 'இது சரியா' என்று கேட்டால் மரியாதைக்காகச் சரி என்பர். வாசிக்கச் சொன்னால் பிழை தானே வெளிப்படும்.

திறந்த மூலநிரல் கொண்ட செயலிகளில் இத்தகைய பிழையொன்றைக் கண்டு திருத்தி அனுப்புவது, தொழிற்கல்விக்கு இடம் தேடும் மாணவருக்கு நல்லதொரு சான்றாகவும் அமையும். யேர்மன் நிறுவனங்கள் மதிப்பெண்களோடு செய்து முடித்த வேலையையும் பார்க்கின்றன. பெற்றோர், பிள்ளை கணனியின் முன் செலவிடும் நேரத்தையெல்லாம் வீண் என்று கருதாமல், என்ன செய்கிறாய் என்று கேட்டு, அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுமையோடு செவிமடுப்பது நன்று.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழர் இந்நாட்டில் வாசிக்க இயலாத தாள்களைக் கையில் ஏந்தி நின்றனர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அத்தாள்களின் இடத்தில் வந்திருக்கும் திரைகளை உருவாக்கும் பணியில் இருக்கின்றனர். பின்னர் வந்தவர் தம் மொழியில், தம் எழுத்தில், குலையாத இலக்கத்தோடு ஒரு முகவரியை வாசிக்குமாறு செய்வது பெரும் புரட்சியன்று. சில வரிகள் நிரலே. ஆனால் அந்த முகவரியைத் தேடி நடப்பவருக்கு அதுவே அன்றைய நாளின் முழுப் பொருளாகும். தமிழ் இளையோர் அச்சில வரிகளைச் சரியாக எழுதுவார்களாக.